கேமராவில் வைத்த பொட்டு

இன்று காலை கம்ப்யூட்டர் லேபில் சந்தனம் குழைக்கும் வாசனை வந்ததும் உன் நினைவு வந்துவிட்டது. ஆயுத பூஜை லீவுக்கு முன்பே கல்லூரியில் பூஜையை முடித்துவிடுவார்கள், உனக்குத் தெரியாததா.

உனக்கு உடம்பு முடியாமல் போய், ஓரிக்கை ஊரில் உங்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அந்த ரோபோ நம் வகுப்புக்கு வந்தது. சக்கரத்தின் மேல் ஒரு கம்பி, கம்பியின் உச்சியில் ஒரு திரை, திரையில் உன் முகம். கட்டிலில் படுத்தபடியே நீ அதை ஓட்டுவாய். வாசற்படி வந்தால் மட்டும் தூக்கிவிட நான் வேண்டும். கம்பியில் யாராவது பையை மாட்டினால், "தோள் வலிக்குதுபா, எடுங்க" என்பாய். வகுப்பே சிரிக்கும். நீ பாதி நிஜமாகத்தான் சொன்னாய். ரோபோ வந்தாச்சு என்று யாராவது சொன்னால் உனக்குப் பொறுக்காது. நீ வந்தாய் என்று சொல்ல வேண்டும்.

போன வருஷ பூஜைக்கு அட்டெண்டர் அண்ணன் கம்ப்யூட்டர், பிரின்டர் என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். சார்ஜ் போட்டிருந்த ரோபோவும் அந்த வரிசையில்தான் நின்றது. நேராகக் கேமரா மேலேயே வைத்துவிட்டார். நீ அப்போதுதான் லைனில் வந்தாய்.

"கரண்ட் போயிடுச்சாடி? ஒண்ணுமே தெரியல."

"ஐயோ, நீ உள்ள இருக்கியாமா?" அண்ணன் பதறிப்போனார்.

நான் துப்பட்டாவால் துடைத்தேன். நீ சிரிக்கவில்லை.

"எங்க வீட்ல தறிக்குப் பொட்டு வெப்பாங்க, சரி. நான் என்ன தறியாடி? நானும் கும்புடத்தானே வந்தேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உன்னைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் நடுவில் நிறுத்தினேன். சாயங்காலம் உன் பங்குப் பொரியை வீட்டுக்கே கொண்டுவந்தேன். "வெல்லம் கம்மி" என்று குறை சொல்லிக்கொண்டே முழுப் பொட்டலத்தையும் காலி செய்தாய்.

தை பிறப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று ரோபோ திரை அணைந்து அதே வரிசையில் நின்றது. குங்குமக் கிண்ணத்தோடு வந்த அண்ணன் அதன் முன் தயங்கினார். பொட்டு வைக்கவில்லை. ஒயரைக் கழற்றி, மெதுவாக உருட்டிவந்து என் பக்கத்தில் நிறுத்தினார்.

"இங்கயே நிக்கட்டும்மா."

பொரி கொடுக்கும்போது கேட்காமலே இரண்டு பொட்டலம் கொடுத்தார். உன்னுடையது என் பையில் இருக்கிறது. ஓரிக்கைக்குப் போய் உன் அம்மா கையில் கொடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு வாய் மட்டும் எடுத்துப் பார்த்தேன். இந்த முறை வெல்லம் சரியாக இருக்குதடி.