கையிருப்பில் இல்லை

தலைநகர்
ஜனவரி 11, 2005

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்கிட் எழுதுகிறேன். நீ என் போனை எடுப்பதில்லை. கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன். முட்டி வலி எப்படி இருக்கிறது? கடை வாசலில் நீயே பனி அள்ளுகிறாயாமே. வீம்பு பண்ணாதே, ஆளை வை.

நீ என்னோடு பேசி இரண்டு வருடம் ஆகிறது. அவசரக் கருத்தடை மாத்திரை மசோதாவை நான் முதல்முறை கொண்டுவந்தபோது, லேக் ஹால்வரில் மருந்துச்சீட்டோடு போன ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பினார்கள் என்று சபையில் சொன்னேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் நம் ஊரில் இருப்பது ஒரே மருந்துக்கடை, உன்னுடையது. அதை யோசிக்காமல் பேசியது என் தப்பு. அந்தப் பெண் எனக்கு எழுதியிருந்ததை அப்படியே சொன்னேன், அவ்வளவுதான்.

மசோதா மறுபடி வருகிறது. மருந்துக்கடைகள் அந்த மாத்திரையை வைத்திருக்க வேண்டும், சீட்டு கொண்டுவந்தால் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும். ஓட்டுக்காக ஒரு பிரிவைச் சேர்க்க ஒப்புக்கொண்டேன்: மனசாட்சி ஒப்பாத மருந்தாளர் மறுக்கலாம், ஆனால் வேறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டும். அப்படியும் சட்டமன்றக் குழுவில் ஒரு ஓட்டு குறைகிறது. உங்கள் மருந்தாளர் சங்கமோ, சிற்றூர் மருந்தாளர்கள் எல்லாரும் எதிர்ப்பு என்கிறது.

பிப்ரவரி மூன்றாம் தேதி குழு கூடுகிறது. நீ வந்து மூன்று நிமிடம் பேசுவாயா? உன்னைக் கேட்க எனக்கு முகமில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

உன் தங்கை,
மார்கிட்


லேக் ஹால்வர்
ஜனவரி 17

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. முட்டி தன் இடத்திலேயே இருக்கிறது.

முப்பது வருடமாக இந்த ஊரின் இருமலுக்கும் மூலத்துக்கும் மருந்து கொடுத்து வருகிறேன். யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. நீ சபையில் இரண்டு நிமிடம் பேசினாய், மூன்று பத்திரிகையில் படம் வந்தது. எனக்கு என்ன வந்தது தெரியுமா? முடிவெட்டப் போனால் கடையே அமைதியாகிறது. கல்லூரி ஆசிரியை ஒருத்தி வாசல் கண்ணாடியில் சிவப்பு மையால் திட்டி எழுதிவிட்டுப் போனாள். அதைத் துடைத்தது நான். நீ வந்து துடைத்தாயா?

கேட்ட மருந்து கையிருப்பில் இல்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். இல்லாததை எங்கிருந்து கொடுப்பது? அதை நீ 'திருப்பி அனுப்பினார்கள்' என்று திரித்தாய். என் தங்கை பொய் சொன்னாள் என்று இந்த ஊரில் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறேன். இனியும் சொல்வேன்.

உன் புதுப் பிரிவையும் படித்தேன். வேறு கடையைச் சொல்ல வேண்டுமாம். இங்கிருந்து அடுத்த கடை கார்வில்லில், அறுபத்தெட்டு மைல். ஞாயிறு திறக்க மாட்டார்கள். மாத்திரை வேலை செய்வதோ எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள். சட்டம் படித்தவளுக்குக் கணக்கு வராது போலிருக்கிறது.

சங்கத்திலிருந்து லைல் பெக்வித் கூப்பிட்டான். உன் மசோதாவை எதிர்த்துப் பேச வருவதாக ஒப்புக்கொண்டேன். மூன்றாம் தேதி பார்க்கலாம்.

ஆர்வின் தொலெஃப்சன்,
மருந்தாளர்


தலைநகர்
ஜனவரி 22

அன்புள்ள அண்ணனுக்கு,

எதிர்த்தே பேசு. ஆனால் இரண்டாம் தேதியே கிளம்பு, ஆற்றுப் பாலத்தில் பனி உறைந்திருக்கிறது. கூட்ட அறை வாசலில் அட்டைகள் இருக்கும். ஆதரவு, எதிர்ப்பு என்று கட்டம் போட்டிருப்பார்கள். ஒன்றில் குறி போட்டுக் கொடுத்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

என் வீட்டில் தங்க மாட்டாய். தெரியும். அதனால் சாவியைப் பற்றி எழுதவில்லை.

மார்கிட்


லேக் ஹால்வர்
பிப்ரவரி 6

மார்கிட்,

கூட்டம் முடிந்ததும் உன்னைப் பார்க்காமல் கிளம்பிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மூன்று நிமிடத்தில் முடியாததை இங்கே எழுதுகிறேன்.

'எதிர்ப்பு' கட்டத்தில்தான் குறி போட்டேன். பெக்வித் என் தோளைப் பிடித்து முன்வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போனான். "வாங்க வாங்க, இந்தாங்க டோனட். அந்தம்மாவோட சொந்த அண்ணனே நம்ம பக்கம்! இதவிட என்ன வேணும்?" என்றான். சர்க்கரை கோட்டெல்லாம் கொட்டியது. "மனசாட்சின்னு ரெண்டு மூணு தடவ சொல்லுங்க, குழுத் தலைவருக்கு அந்த வார்த்தைன்னா உசிரு," என்று காதில் வேறு சொன்னான்.

அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டுதான் ஓட்டி வந்தேன். உன் பிரிவு ஏன் உதவாது என்று மனதுக்குள் வாதாட வாதாட, அது யாருக்கு வசதி என்று புரிந்துவிட்டது. எனக்குத்தான் வசதி.

மற்றதை நீ கேட்டாய். ஆனாலும் உனக்கென்று ஒருமுறை எழுத வேண்டும். அது சனிக்கிழமை, கடை மூட இருபது நிமிடம் இருந்தது. அந்தப் பெண் சீட்டை நீட்டினாள். மருந்து இரண்டாவது இழுப்பறையில் இருந்தது, மூன்று பெட்டி. அவளுக்குப் பின்னால் பாதிரியார் மனைவி ஐடெல் ஹௌகன், இரத்த அழுத்த மாத்திரைக்காக நின்றுகொண்டிருந்தார். நான் இழுப்பறையைத் திறக்கக்கூட இல்லை. "கையிருப்புல இல்லம்மா" என்றேன். மறுக்க விரும்பும் மருந்தாளர்கள் எல்லாரும் சொல்வது அதைத்தான். வாதம் கிடையாது, கடிதம் கிடையாது, சண்டை கிடையாது. அவள் திங்கட்கிழமைதான் கார்வில் போய்ச் சேர்ந்தாள்.

எனக்கு மனசாட்சி குறுக்கே நிற்கவில்லை. பாதிரியார் மனைவி நின்றார். இதைத்தான் ஒலிபெருக்கியில் சொன்னேன். உன் பிரிவை எதிர்க்கிறேன், ஏனென்றால் என்னைப் போன்ற கோழைக்கு அது மரியாதையான பெயர் கொடுக்கிறது என்றேன். பெக்வித் டோனட் பெட்டியை மூடிவிட்டான்.

நீ பொய் சொல்லவில்லை. இரண்டு வருடமாகப் பொய் சொன்னவன் நான். அந்தப் பெண்ணின் விலாசம் கொடுத்தால் அவளுக்கு எழுதுகிறேன்.

ஆர்வின்


தலைநகர்
மார்ச் 19

அண்ணா,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும்.

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம், அண்ணா! கிறிஸ்துமஸுக்கு உன் வீட்டு வாசல்வரை வந்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான்தான் தப்பாகக் கேட்டுக்கொண்டேனோ, அந்தப் பெண்தான் தப்பாக எழுதினாளோ என்று குழம்பினேன். அவளையே சந்தேகப்பட்டேன். அதற்காக உன்னை மன்னிக்க இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். ஆனால் மன்னித்துவிடுவேன். பாதி ஆகிவிட்டது.

இனி நல்ல செய்தி. நீ கிளம்பிய பிறகு குழு தனியாகக் கூடியபோது, கோதுமைப் பகுதி உறுப்பினரான கிழவர், எப்போதும் தூங்குகிறவர், எழுந்து, "முப்பது மைலுக்குள்ள வேற கடை இல்லாத ஊர்ல மறுக்கக் கூடாதுன்னு எழுதுங்க, நான் கை தூக்கறேன். என் பேத்தியும் அந்த மாதிரி ஊர்லதான் இருக்கா," என்றார். குறைந்திருந்த ஓட்டு அதுதான். பிரிவைத் திருத்தினோம். நேற்று சபையிலும் தேறிவிட்டது. ஜூலை ஒன்று முதல் சட்டம்.

உன் பேச்சு 'எதிர்ப்பு' என்றே பதிவாகியிருக்கிறது. மாற்ற முடியாதாம். எழுத்தர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நலமாக இருக்கிறாள், மாத்திரை அன்று வேலை செய்தது. உன் கடிதம் வேண்டாம் என்றாள். "அவர் அங்க சொன்னதே போதும். எனக்கு எழுதி அவர் மனசை ஆத்திக்க வேண்டாம்," என்றாள். அவள் சொன்னதை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

உன் தங்கை,
மார்கிட்


லேக் ஹால்வர்
ஜூலை 10

அன்புள்ள மார்கிட்டுக்கு,

அவள் சொன்னது சரி. எழுதவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். ஈஸ்டர் முடிந்த வாரம் ஐடெல் ஹௌகன் கடைக்கு வந்தார். என் பேச்சைக் கேள்விப்பட்டதிலிருந்து அதுவரை தபாலில் மருந்து வாங்கியிருக்கிறார். நேராக என் முன்னால் வந்து நின்றார்.

"ஆர்வின், நான் என்ன போலீஸா?"

"இல்லைங்க."

"அன்னைக்கு உன் கடையில எதைப் பார்த்துட்டு நின்னேன் தெரியுமா? அந்தத் தொண்டை மிட்டாய் டப்பாவை. ரெண்டு வாங்கலாமா, மூணு வாங்கலாமான்னு. எனக்கு முன்னாடி யார் நின்னாங்கன்னே ஞாபகமில்ல."

நான் அந்த டப்பாவை நேராக்கி வைத்தேன்.

"உன் தங்கச்சியோட சட்டம் எனக்குப் பிடிக்கல. சர்ச்சுல ஜெபமே பண்ணினோம், நிறைவேறக் கூடாதுன்னு. ஆனா உன் கோழைத்தனத்துக்கு என்னைச் சாக்கு வெச்சு தலைநகர் வரைக்கும் போய் சொல்லிட்டு வந்தியே, அது அதைவிடப் பிடிக்கல. என் பிரஷர் மாத்திரையை எடு."

எடுத்துக் கொடுத்தேன். மாதாமாதம் வருகிறார். இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இரண்டு குடும்பம் என் கடையை விட்டுப் போய்விட்டது. முடிவெட்டும் கடையில் நான் உள்ளே போனதும், "வந்துட்டாரு எதிர்ப்பு" என்கிறார்கள். முன்பிருந்த அமைதியைவிட இந்தக் கிண்டல் பரவாயில்லை. உன்னைப் பொய்க்காரி என்று யார் யாரிடம் சொன்னேனோ, நினைவிருந்தவரை அவர்களிடம் போய்த் திருத்திச் சொன்னேன். பதினேழு பேர். கிறிஸ்டல் ஓட்டல்காரன் மட்டும், "அதான் எங்களுக்கு அப்பவே தெரியுமே," என்று சொல்லி எரிச்சல் மூட்டினான். அவனை நான் எளிதில் மறக்கப் போவதில்லை.

நேற்று சனிக்கிழமை. ஏரிக்கு வந்த கூட்டத்தால் கடை நிறைந்திருந்தது. முப்பது வயதிருக்கும் ஒரு பெண் சீட்டை மடித்தே நீட்டினாள். பின்னால் ஆறு பேர். பழைய 'கையிருப்புல இல்லம்மா' வாய்வரை வந்தது என்பதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு சட்டம் வந்ததால் மனிதன் மாறிவிடுவதில்லை. இழுப்பறையைத் திறந்தேன். "இருக்குங்க. ஒண்ணு இப்பவே போட்டுக்குங்க, பன்னெண்டு மணி நேரம் கழிச்சு இன்னொண்ணு. குமட்டினா பயப்பட வேண்டாம், வாந்தியா வந்துட்டா மட்டும் எனக்கு போன் பண்ணுங்க," என்று, இருமல் மருந்துக்குச் சொல்லும் குரலில் சொன்னேன். தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். அங்கேயே விழுங்கிவிட்டு, காகிதக் கோப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மணி அடிக்கும் கதவைத் திறந்துகொண்டு போனாள்.

மொத்தம் நான்கு நிமிடம் ஆயிற்று, மார்கிட். அடுத்து நின்றவருக்குக் கண் சொட்டு மருந்து வேண்டியிருந்தது.

உன் அண்ணன்,
ஆர்வின்