வேலியோரத்து மஞ்சள் கல்

புதன் இரவு. அப்பா தூங்கிவிட்டார்.

எரிவாயுக் குழாய் போகும் ஊர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஓர் அக்கா இன்று வந்தார். வேலியோரத்து மஞ்சள் அடையாளக் கல்லைக் காட்டி, "குழாய் இதுக்குக் கீழதான் போவுதாங்க?" என்று கேட்டார்.

"ஆமாம்மா. வீட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல," என்றார் அப்பா.

"உனக்குப் பயமா இல்லையா, பாப்பா?" என்று அக்கா என்னிடம் கேட்டார்.

"இவளா? பல்லியப் பாத்தாதான் கத்துவா!" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்தக் கல் முன்பு எங்கள் அடுப்படி இருக்கும் இடத்தில்தான் இருந்தது. வீடு கட்டும்போது அப்பாதான் பிடுங்கி வேலியோரம் நட்டார். நாளை அடுப்படிக்குப் பின்னால் கக்கூஸ் குழி தோண்டுகிறார்கள்.

"குழாய் ரொம்ப ஆழத்துல கெடக்கு. நீ வாய மூடு," என்றார் அப்பா, அக்கா போனதும்.

அக்காவிடம் சொன்னால் வீட்டை இடித்துவிடுவார்கள். சொல்லாவிட்டால்...

அக்கா நாளை மதியம் மறுபடி வருவாராம். குழி தோண்டும் மெஷின் காலையிலேயே வந்துவிடும்.