உன் அப்பாவின் இடது கன்னம்

அன்புள்ள யாலிங்குக்கு,

இவள் எதற்கு எழுதுகிறாள் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதே, மன்னித்துக்கொள். உனக்கு எழுத வேண்டியவர் உன் அப்பா. நான் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருஷமாகியும் போனில் உன்னோடு "சாப்பிட்டாயா, அங்கே வெயிலா" என்ற இரண்டு கேள்வியைத் தாண்டியதில்லை, மூன்றாவதை யோசித்து முடிப்பதற்குள் நீ "சரி சித்தி, வைக்கட்டுமா" என்று விடுவாய், அதில் உன் குற்றம் ஒன்றும் இல்லை. எனக்குப் பேனா பிடித்தால்தான் வாய் திறக்கும். அதனால் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன், பெரிதாக்கிப் படித்துக்கொள். மொம்பாசாவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் சரியாகச் சொல்வதென்றால் ஒன்றே முக்கால் பேர் சுகம். மீதிக் கால் உன் அப்பாவின் முகத்தில் இடது பக்கம்.

பயப்படாமல் கடைசி வரை படி. பக்கவாதம் இல்லை, மூளையில் ஒன்றும் இல்லை, பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டார்கள். முகத்துக்குப் போகிற நரம்பு வீங்கி இடது பக்கம் வேலைநிறுத்தம் செய்கிறது, அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் புருவம் தூக்காது, கண் முழுசாக மூடாது, வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும், தேநீர் உறிஞ்சினால் பாதி சட்டைக்குப் போகும். பெரும்பாலும் சரியாகிவிடுகிற நோய், ஆனால் காலத்தோடு கவனிக்காவிட்டால் சிலருக்குக் கோணல் கொஞ்சம் அப்படியே தங்கிவிடும். ஆஸ்பத்திரி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்துவிட்டார், இனி அக்குபங்சர் ஊசி வைத்தால் நல்லது என்று அங்கே பார்த்த டாக்டரே சொன்னார். இது எப்படி வந்தது என்றால், எங்கள் சீன வைத்தியப் படிப்பில் காற்று புகுந்தது என்போம். மத்தியானம் தலைக்குக் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு, மின்விசிறியைக் கன்னத்துக்கு நேராக வைத்துத் தூங்கினார். வேண்டாம் என்றேன், விசிறி பாவம் அது என்ன செய்யும் என்றார். அது செய்ததை இப்போது எல்லோரும் பார்க்கிறோம். இதை இவ்வளவு விவரமாக ஏன் எழுதுகிறேன் என்றால், நீ சொன்ன செய்தியால் இது வந்தது என்று ஒரு நிமிஷம்கூட நினைத்துவிடக் கூடாது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டு இன்னும் இரண்டு வருஷம் இருக்கப்போகிறேன் என்று நீ சொன்னாய், அவர் "சரி" என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை வைத்தார், அதற்குப் பிறகு மூன்று வாரமாக உன் வீடியோ அழைப்பை எடுக்கவில்லை, அப்பாவுக்கு என்மேல் கோபமா சித்தி என்று நீ எனக்கு எழுதிக் கேட்டாய். கோபம் இல்லை. போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகத் தெருமுனைத் தேநீர்க் கடைக்குப் போனார், நானும் ஏதோ வருத்தத்தில் போகிறார் என்று பின்னாலேயே போய்ப் பார்த்தேன், அங்கே மேஜையில் கிண்ணங்களைக் கப்பல் சரக்கு மாதிரி அடுக்கி, "எம்பொண்ணு நம்ம தெருவையே அலாக்காத் தூக்கிக் கப்பல்ல வைப்பா, அவ இல்லாம அங்க துறைமுகமே ஓடாதாம், கெஞ்சிக் கேட்டு இருக்க வச்சுக்கிட்டாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உன்னை யாரும் கெஞ்சினார்களா என்று எனக்குத் தெரியாது. அவர் கதையில் கெஞ்சினார்கள். மறுநாள் மத்தியானம்தான் விசிறி.

இப்போது இன்னொன்று சொல்கிறேன், இதை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. நம் வைத்தியசாலையில் நோயாளி கதவைத் தள்ளியதும் முதலில் பார்ப்பது உன் அப்பாவைத்தான், அது உனக்கே தெரியும். ஆன்ஷி மலையில் தேயிலை பறிக்கிற வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான், ஐந்து வருஷம் ஊசி பிடிக்கப் படித்தேனே ஒழிய முன்பின் தெரியாதவரிடம் வாங்க என்று சொல்ல அங்கே யாரும் கற்றுத்தரவில்லை, அதனால் பேச்சு முழுக்க அவர் பொறுப்பு. தனக்கென்று ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து வைத்திருக்கிறார், புதிதாக வருகிறவர்கள் அவரை டாக்டர் என்றும் என்னை நர்ஸ் என்றும் நினைத்து நோயை எல்லாம் அவரிடமே சொல்லிவிடுகிறார்கள், அவரும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறார். பயந்தவர்கள் வந்தால், "ஊசியா இது, எறும்பு கூட இதைவிட நல்லாக் கடிக்கும், எனக்கு வாரா வாரம் வைக்கிறாங்க, நான் குறட்டை விட்டுத் தூங்குவேன்" என்பார். யாலிங், இந்த ஐந்து வருஷத்தில் உன் அப்பா உடம்பில் ஒரே ஒரு ஊசிகூட ஏறியதில்லை. ஒருமுறை அவர் கழுத்துப் பிடிப்புக்கு வைக்கப் போனேன், அவசரமாகச் சந்தைக்குப் போக வேண்டும் என்று கிளம்பி, சாயங்காலம் வெறும் இஞ்சியோடு திரும்பி வந்தார். ஊரையே ஊசிக்கு அனுப்பிவைக்கிற மனிதருக்கு ஊசி என்றால் உள்ளங்கை வியர்க்கிறது. அதனால் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதைக்கூட எனக்குச் சொல்லாமல் மறைத்துவிட்டார், மாத்திரை மட்டும்தானாம் என்று சொல்லி, கோணல் வெளியே தெரியாமல் இருக்க முகமூடியை மாட்டிக்கொண்டார். அந்த டாக்டர் எனக்குக் கல்லூரியில் மூத்தவள், அவளே போன் செய்து உன் வீட்டுக்காரருக்கு எப்படி இருக்கிறது, ஆரம்பித்துவிட்டாயா என்று கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

நானும் ஒரு காரியம் செய்யப் பார்த்தேன், கேட்டால் சிரிப்பாய். முகத்து நோய்க்கு முதல் ஊசி முகத்தில் இல்லை, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சதை திரண்டிருக்கிற இடத்தில். தூங்கும்போது அங்கே ஒன்றை மெதுவாக வைத்துவிட்டால், விழித்துப் பார்த்து, அட வலிக்கவே இல்லையே என்று வழிக்கு வந்துவிடுவார் என்று ஒரு மத்தியானம் ஊசியும் பஞ்சுமாக மாடிக்குப் போனேன். நோயாளியைக் கேட்காமல் ஊசி வைக்கக் கூடாது என்று படித்தவள்தான், புருஷன் நோயாளிக் கணக்கில் சேர மாட்டார் என்று படியேறும்போதே எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கையைத் துடைத்தேன். ஊசியை எடுத்து நிமிர்ந்தால் இடது கண் பாதி திறந்து என்னையே பார்க்கிறது. அந்தக் கண் மூடாது என்று கண்டுபிடித்துச் சொன்னவளே நான்தான், இருந்தாலும் அந்த நேரத்தில் அவர் முழித்திருக்கிறாரா தூங்குகிறாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. குறட்டையும் நிற்கவில்லை, கண்ணும் அசையவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, அந்தக் கண்ணிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன். ராத்திரி கஞ்சி குடிக்கும்போது, "எனக்கு இப்ப ஒரு கண்ணு எப்பவும் டூட்டில இருக்கு, தெரியும்ல" என்றார்.

முகமூடி கழன்ற கதைக்கு வருகிறேன். அன்றைக்கு உள்ளறையில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள். தோள் தூக்க முடியாத மீன்கடை சாய் அக்கா ஒரு கட்டிலில், பஸ் ஓட்டி முதுகு போன சூ அண்ணன் அடுத்த கட்டிலில் குப்புற, நடுவில் திரை. ஊசி ஏறின பிறகு ஆடக் கூடாது, அதனால் இவர்களுக்கு உடம்பில் மிச்சமிருக்கிற ஒரே வேலை வாய்தான், ஊர்க்கதை முழுக்கத் திரையைத் தாண்டிப் போய் வரும். உன் அப்பா வெந்நீர் கொண்டுபோனார். சாய் அக்கா, "என்னய்யா தியன்பாவ், கல்யாணப் பொண்ணு மாதிரி எத்தன நாளைக்கு மூஞ்சிய மூடிக்கிட்டே திரிவ" என்றாள். சளி என்றார். "சளிக்காரன் தும்மணும்ல, நீ ஒரு தும்மல் தும்மி நான் கேட்கலையே" என்று சொல்லிக்கொண்டே, ஊசி இல்லாத கையை நீட்டி முகமூடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். சந்தையில் எவர் வாயையும் அடைக்கிற சாய் அக்கா, அந்தக் கோணல் வாயைப் பார்த்ததும் முகமூடியைக் கட்டிலுக்கு அடியில் நழுவவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் சூ அண்ணன் மட்டும், "என்னாச்சு, யாராவது சொல்லுங்கப்பா, எனக்கு முதுகெல்லாம் ஊசி, திரும்ப முடியல, செத்துகித்துப் போயிட்டாங்களா" என்று தலையணைக்குள் கத்திக்கொண்டிருந்தார்.

விஷயம் தெரிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து பிடித்துக்கொண்டார்கள். சாய் அக்கா, "ஏன் தம்பி, பொண்டாட்டி கையில ஊசி, வாசல்ல கட்டில், அப்புறம் என்ன" என்றாள். அவர் நேரம் இல்லை என்றார். சூ அண்ணன், "எறும்பு கடிக்கிற நேரந்தானய்யா ஆகும், நீதானே எனக்குச் சொன்ன" என்றார். வாரா வாரம் குறட்டை விட்டுத் தூங்குவாயாமே, இந்த வாரக் குறட்டை எங்கே என்று அக்கா கேட்டாள். பாவம், வலது பக்க முகம் மட்டும் சிவந்தது. கடைசியில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார், பயம் எல்லாம் இல்லை என்றார், கொஞ்சம் இருக்கு என்றார், பிறகு அசல் காரணத்தைச் சொன்னார். "ஊசி வச்சா மூஞ்சிய மூடி மறைக்க முடியாது, ஊரே வந்து பார்க்கும், யாராவது படம் எடுத்துப் பாப்பாவுக்கு அனுப்பிடுவாங்க. அவகிட்ட நானே முதல்ல பேசிடணும். ஆனா இந்த மூஞ்சியோட பேசினா அவ அழுவா, அழுதா அடுத்த ப்ளேன்ல வந்து நிப்பா, ரெண்டு வருஷ வேலை போச்சு. நேரான மூஞ்சியோடதான் பேசுவேன்." சூ அண்ணன் தலையணைக்குள்ளிருந்து நிதானமாக, "பேசினாத்தான் ஊசி, ஊசி போட்டாத்தான் மூஞ்சி, மூஞ்சி வந்தாத்தான் பேச்சு. இந்த ரூட்ல பஸ் எந்த ஜென்மத்துல ஊர் போய்ச் சேரும்" என்றார். சாய் அக்கா தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள், நான் ஓடிப்போய் ஊசிகளைப் பிடித்துக்கொண்டேன். உன் அப்பா சிரிக்கவில்லை. முகமூடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார்.

அன்றைக்கும் இன்றைக்கும் நடுவில் ஒன்றும் மாறவில்லை. காலையில் கண்ணாடி முன் நின்று விரலால் கன்னத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறார், விட்டதும் அது இறங்கிவிடுகிறது. உன் அழைப்பு வரும்போது போனை மேஜையில் வைத்து அது அடித்து ஓயும் வரை பார்த்துக்கொண்டே இருக்கிறார். இதற்கு மேல் தள்ளிப்போடக் கூடாது என்று எனக்குத் தெரிகிறது, கட்டாயப்படுத்தி ஊசி வைக்கவும் முடியாது, உடம்பு இறுகியிருந்தால் ஊசி பிடிக்காது. அதனால்தான் உனக்கு எழுதினேன்.

உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது, கிரேன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இருந்தால் வரத்தான் செய்யும், மணிக்கட்டு மடிப்பிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி உள்பக்கம் இரண்டு நரம்புக்கு நடுவில் அழுத்திக்கொடு, நன்றாக இருக்கும். பாக்கெட் நூடுல்ஸையே மூன்று வேளையும் சாப்பிடாதே, அந்த ஊரில் நல்ல மீன் கிடைக்கும் என்று சாய் அக்கா சொல்கிறாள், அவள் போனதில்லை, ஆனாலும் சொல்கிறாள். ஈரத் தலையோடு விசிறிக்குக் கீழே படுக்காதே, இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை. நீ பார்க்கிற வேலையில் உனக்குப் பெயர் நிலைக்க வேண்டும், கையும் காலும் உறுதியாக இருக்க வேண்டும், மனசுக்குப் பிடித்த ஊரில் பிடித்த வரை இருந்துவிட்டுப் பிடித்தபோது வா, இங்கே உன் அறையில் ஒரு பொருளையும் நகர்த்தவில்லை. இந்தக் கடிதத்தைப் படித்ததும் அழித்துவிடு, அப்பாவுக்குத் தெரிய வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதைக் கேட்கத்தான் இத்தனை தாள் ஆனது. வியாழக்கிழமை எங்களுக்கு மத்தியானம் மூன்று மணி, உனக்குக் காலை பத்து மணி, அவர் போனுக்கு இல்லை, என் போனுக்கு வீடியோவில் கூப்பிடு. நான் ஒன்றும் சொல்லாமல் அவர் முகத்துக்கு நேராகத் திருப்பிவிடுவேன், சாய் அக்கா அதற்கு முன்னாலேயே முகமூடியைக் கழற்றி வைத்திருப்பாள், அது அவள் பொறுப்பு. அந்த முகத்தைப் பார்த்ததும் அழாதே, ஐயோ அப்பா என்று சொல்லாதே, வருகிறேன் என்று வாய் தவறியும் சொல்லாதே. நன்றாக, சத்தமாக, வயிறு பிடித்துக்கொண்டு சிரி. எங்கள் சிரிப்பு அவருக்கு ஊர்ச் சிரிப்பு, நீ சிரித்தால்தான் வேலையை விட்டு ஓடிவராமல் அங்கேயே இருப்பாய் என்று நம்புவார். சிரித்து முடித்த பிறகு கையை நீட்டச் சொல். நான் ஊசியோடு பக்கத்தில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
சூசின் சித்தி