வாண்டு பாராமல் படித்த பலகை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஊரில் இருக்கிற பெயர்ப்பலகையில் பாதியை எழுதியவன் நான். என் மகளுக்கு ஒரு கண் சரியாகத் தெரியவில்லை என்பதை மட்டும் கவனிக்காமல் ஏழு வருஷம் ஓட்டியிருக்கிறேன். போனில் சொல்ல வெட்கம், அதனால் கடிதம். திட்டுவதானால் நிதானமாக, பத்தி பிரித்துத் திட்டு.

போன லீவில் உன் தையல் கடையில், வாண்டு நூலை ஊசிக்குப் பக்கத்துக் காற்றில் கோத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "டேய், இவளைக் கண் டாக்டர்கிட்ட காட்டு" என்றாய். நான் என்ன சொன்னேன்? "பள்ளிக்கூடத்துல டெஸ்ட் பண்ணியாச்சு, கடைசி வரி வரைக்கும் படிச்சா. உனக்கு எப்பவும் என் பிள்ளைகிட்டதான் குறை தெரியும்." நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதோடு ஒன்பது மாதம் பேச்சு நின்றது.

அந்தப் பள்ளிக்கூடத்துக் கண் டெஸ்ட் பலகையை எழுதிக் கொடுத்ததே நான்தான். அதற்கு முன் எழுதிப் பார்த்த மாதிரிப் பலகையும் அழகாக வந்திருக்கிறதே என்று அதை வீட்டுக் கூடத்தில் மாட்டினேன். ரெண்டு வருஷமாகத் தொங்கியது.

போன வெள்ளிக்கிழமை இன்னொரு பள்ளிக்கு, எழுத்துகளை இடம் மாற்றிப் புதிதாக ஒன்று எழுதினேன். பழையதைக் கழற்றி அதை மாட்டி, "வாண்டு, வலது கண்ணை மூடிக்கிட்டுப் படி" என்றேன். நிமிர்ந்து நின்று, கணீரென்று, தடுமாறாமல் படித்தாள். பழைய பலகையை.

அந்த நிமிஷமே முடிவெடுத்தேன். மறுநாள் காலை கண் ஆஸ்பத்திரியில் நானும் என் மனைவியும் வாண்டுமாக மூன்று பேரும் நின்றோம். இடது கண் மங்கல். வலது கண்ணே எல்லா வேலையையும் பார்த்ததில், மூளை இடது கண்ணைச் சட்டை செய்வதை விட்டுவிட்டதாம்.

"ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் அந்தக் கண்ணு அப்படித்தான்னு நினைச்சேன்பா."

கண்ணாடி போட வேண்டும். தினம் ரெண்டு மணி நேரம் நல்ல கண்ணை மூடி வைத்து, சோம்பேறிக் கண்ணை வேலை வாங்க வேண்டும். தள்ளிப்போட்டால் பார்வை திரும்பாமலே போகலாம் என்றார் டாக்டர்.

திரும்ப வைக்காமல் விடமாட்டேன், அக்கா.

உன் தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

அப்பவே சொன்னேனே என்று குத்திக்காட்ட மாட்டேன். அப்பவே சொன்னேன். முடிந்தது.

ரெண்டு மணி நேரம் என்றால் ரெண்டு மணி நேரம். அவள் அழுதால் நீ இளகிவிடுவாய், உன்னை எனக்குத் தெரியாதா. இளகாதே. கண் தெளிந்த பிறகும் வருஷா வருஷம் டாக்டரிடம் காட்டு. தெரியவில்லை என்பதே தெரியாத பிள்ளை உன்னிடம் வந்து எப்படிச் சொல்லும்?

கண்ணாடியில் மாட்ட மூணு துணி உறை தைத்து அனுப்பியிருக்கிறேன். ஒன்றில் பூனை, ஒன்றில் ரயில், மூன்றாவதில் நீ. மூக்கு கொஞ்சம் பெரிதாகிவிட்டது. டாக்டரிடம் காட்டிவிட்டுப் போடு.

அக்கா

ஜூலை 20

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் வாரம் வீடு போர்க்களம். "நீ மட்டும் ரெண்டு கண்ணால பாக்கறே" என்றாள். நியாயம்தானே. நானும் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கோலத்தில் பேக்கரிக்கு எழுதிய பலகை மலையேறுகிற மாதிரி சாய்ந்துவிட்டது. "ஸ்டைலா இருக்கு" என்று பேக்கரிக்காரர் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி வைப்பது ஒரு நாள்கூடத் தவறவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில் திரையில் எழுத்தை மாற்றி மாற்றிக் காட்டினார்கள். மனப்பாடம் செல்லாது. இடது கண்ணால் மூன்று வரி கூடுதலாகப் படித்தாள். இன்னும் தூரம் இருக்கிறது என்றார் டாக்டர். நடப்போம்.

தலைமையாசிரியையிடமும் போனேன். "பலகை போதாதும்மா, வருஷம் ஒரு தடவை கண் டாக்டரைக் கூப்பிடுங்க."

"யோசிக்கலாம்."

"யோசிங்க. அதுவரைக்கும் இங்கேயே உக்காந்திருக்கேன்."

மத்தியானத்துக்குள் தேதி குறித்துவிட்டார்.

ஒரு அப்பன் உறுதியாக முடிவெடுத்தால் பிள்ளையின் கண்ணை மீட்டுவிடலாம், அக்கா. லீவுக்கு வந்து பார்.

உன் தம்பி

அண்ணி, தபாலில் போடச் சொல்லி உங்கள் தம்பி இதை என்னிடம் கொடுத்தார், படித்துவிட்டேன். ஒரு திருத்தம். மார்ச்சில் முதல் தடவை போனோமே, அந்தச் சனிக்கிழமைக்கு ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கியது நான். மூணு வாரம் முன்னாலேயே. அது அவருக்கு இன்னும் தெரியாது.

வாண்டின் அம்மா