மேல்மட்டத்தில் மூச்சுவிடும் மீன்கள்

நிலவின் தென்துருவ நிலையம். பதிவர்: உமையாள், நீர் உயிரியலாளர். இங்கே தனி ஆள்.

மார்ச் 4, 09:10
வழக்கமான பதிவு. தொட்டியின் ஜீப்ரா டேனியோக்களும் நத்தையும் நலம். ஒரு சிட்டிகைத் தீனி போட்டேன்; உடனே காலி. சண்டை தெரியாத சிறு மீன்கள், கூட்டமாகவே திரிபவை. நான் குடிக்கும் மறுசுழற்சி நீரில்தான் இவையும் வாழ்கின்றன. நீர் கெட்டால் முதலில் இவற்றுக்குத் தெரியும் என்றுதான் கொண்டுவந்தோம்.

மார்ச் 9, 10:30
தொட்டி நத்தை இறந்துவிட்டது. மீன்கள் கூட்டம் கலைந்து மூலைக்கொன்றாய் நிற்கின்றன. துடுப்புகள் ஒடுங்கியிருக்கின்றன. தீனியை வாயில் வாங்கித் துப்புகின்றன. கழிவில் சேரும் அமோனியா இருக்கிறதா என்று சோதித்தேன், இல்லை. சுவர்ப் பலகையில் "நீர் தூய்மை" என்று பச்சை எழுத்து.

மார்ச் 10, 11:00
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து இன்னாசி: "தீனி கூடுதலா போட்டிருப்பிய மேடம். பாதித் தண்ணிய மாத்துங்க, சரியாயிரும்."

குழாயிலிருந்து பிடித்து மாற்றினேன். எல்லா மீன்களும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. புதுத் தண்ணீர் விட்டால் தெளிய வேண்டும். எப்படி மோசமாகும்?

மார்ச் 11, 15:20
அவசரப் பெட்டியிலிருந்த பொட்டலத் தண்ணீரைக் குடுவையில் ஊற்றி இரண்டு மீன்களை விட்டேன். காலையில் விட்டவை, இப்போது நன்றாக நீந்துகின்றன. தொட்டியில் மூன்று செத்து மிதக்கின்றன. இன்று நான் குழாயைத் திறக்கவில்லை. நாக்கில் சில நாட்களாக உலோகச் சுவை. பற்பசை என்று நினைத்திருந்தேன்.

மார்ச் 12, 09:45
பலகைக்குத் தகவல் தரும் நீர் உணரியைக் கழற்றி என் தேநீரில் முக்கினேன். பால், சர்க்கரை எல்லாம் போட்ட தேநீர்.

"நீர் தூய்மை."

மார்ச் 12, 10:15
தரைக்குத் தேநீர் விஷயத்தைச் சொன்னேன். இன்னாசி, தாழ்ந்த குரலில்: "உணரி போன மாசமே செத்துட்டு மேடம். பலகையில காட்டுறது நாங்க இங்கேருந்து போடுற எழுத்து. திட்டம் நின்னுரும்னு மேல இருக்கவங்க வாயத் தெறக்க விடல. குழாய்த் தண்ணியக் குடிச்சிராதிய. நான் சொன்னேன்னு…"

துண்டிக்கப்பட்டது. அதன்பின் வேறொரு குரல்: "தண்ணீர் நன்றாக இருக்கிறது, டாக்டர். ஓய்வெடுங்கள்."

மார்ச் 14, 12:00
இன்னாசியைக் கேட்டால் விடுப்பு என்கிறார்கள். அதோடு என் அனுப்பலைத் துண்டித்துவிட்டார்கள்; கேட்க மட்டும்தான் முடிகிறது. மிஞ்சிய மீன்களையும் குடுவைக்கு மாற்றிவிட்டேன். குழாய்களின் செம்பு தண்ணீரில் கரைகிறது என்றே சந்தேகிக்கிறேன். செம்புக்கு நத்தைதான் முதலில் போகும்.

மார்ச் 16, 14:05
அடுத்த குழு இறங்கிக்கொண்டிருக்கிறது. அவர்கள் பேசுவது கேட்கிறது. என் குரல் அவர்களுக்குப் போகவில்லை. தலைவர் பரிதி சிரிக்கிறார்:

"உமையாள், நாலு பேரு வர்றோம். சுத்தமான தண்ணி நெறைய இருக்குன்னு தரையில சொன்னாங்க. எடை கொறைக்க எங்க தண்ணிப் பீப்பாயெல்லாம் கழட்டிட்டுக் கிளம்பிட்டோம். திரும்பிப் போற கலம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான். வந்ததும் ஒரு காபி!"

கத்தினேன். கேட்கவில்லை.

மார்ச் 16, 18:40
காற்றடைப்பு அறையில் காலடிகள். அவர்கள் குடித்துவிடாதபடி குழாயை உடைத்துவிட்டேன். அவசரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்; ஐந்து பேருக்கு மூன்று பொட்டலங்கள்தான் மிச்சம். பிறகு குடுவையை, அதிலிருக்கும் நல்ல தண்ணீரைப் பார்த்தேன். மீன்கள் கூட்டமாக, மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கின்றன.