கூஜா உறையும் ஐந்து ஆட்டங்களும்

1951 ஜனவரி 9, செவ்வாய்

பையன்களின் லத்தீன் தாள்களைத் திருத்தி முடித்தபோது கிளப்பிலிருந்து கடிதம். அடுத்த மாத ஆண்டு விருந்தில் தலைமை மேசை, இங்கிலாந்து அணிக்கு ரக்பி ஆடி, அதற்கு மரியாதையாகத் தரும் தொப்பியை வாங்கியவர்களுக்கு மட்டுமாம். தொப்பியோடு வரவேண்டுமாம். கையெழுத்து: ஹியூபர்ட் ட்ராஸ்க், செயலாளர்.

நான் இங்கிலாந்துக்கு ஐந்து முறை ஆடியவன். எல்லாம் யுத்த காலத்தில். அதிகாரபூர்வமானவை அல்ல என்று அந்த ஆட்டங்களுக்குத் தொப்பி கிடையாது. துணித் தட்டுப்பாடு வேறு. போட்டு ஆடிய சட்டையைத் துவைத்துத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். சோப்பு என்னுடையது. ட்ராஸ்க் நாற்பத்தேழில் ஒரே ஒரு ஆட்டம் ஆடினான் – என் முழங்கால் போனதால், என் இடத்தில். பந்தை இரண்டு முறை தொட்டான். ஒரு முறை கீழே போட்டான். குஞ்சம் வைத்த வெல்வெட் தொப்பி அவனுக்கு!

ஜனவரி 13

கடைத்தெருவில் ட்ராஸ்க்கை நிறுத்திக் கேட்டேன்.

"அதெல்லாம் பட்டாளத்துக்காரங்க சும்மா பொழுதுபோக்கா ஆடினது, வாத்தியாரே. விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

எல்லாப் பற்களும் தெரியச் சிரித்தான். எனக்கு முன்வரிசையில் மூன்று இல்லை.

ஜனவரி 14

சாப்பிடப் பிடிக்கவில்லை. "தொப்பிதானே வேணும்? இந்தாங்க" என்று என் மனைவி எனிட், டீ ஆறாமலிருக்கக் கூஜாமேல் போட்டிருந்த கம்பளி உறையை எடுத்து என் தலையில் கவிழ்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. கூஜா மூக்குக்காக விட்ட ஓட்டை வழியே என் இடது காது எட்டிப் பார்த்தது.

கண்ணாடியில் பார்த்தேன். பொருந்துகிறதே?

பிப்ரவரி 9

எனிட் குஞ்சம் தைத்துவிட்டாள். இப்போதுதான் பயப்படுகிறாள். "நிஜமாவே போட்டுக்கிட்டுப் போறீங்களா? கிளப்பை விட்டே தூக்கிடுவாங்க." தூக்கட்டும்.

தூக்கிவிட்டால் – சனிக்கிழமைகளில் எங்கே போவேன்?

பிப்ரவரி 10, சனி

போனேன். தலைமை மேசையில் உட்கார்ந்தேன், உறையோடு. ட்ராஸ்க் பீட்ரூட் மாதிரி ஆனான்.

"எழுந்திருய்யா! இதுக்குப் பேர் தொப்பியா?"

"உன்னோடதைவிடக் கதகதப்பா இருக்கு."

"இன்னைக்கே உன் பேரை அடிக்கிறேன் பாரு!"

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் எம்ரிஸ் உள்ளே வந்தான். வேல்ஸ் அணிக்காரன், ஒன்பது தொப்பி வாங்கியவன். நாற்பத்துமூன்றில் ஸ்வான்சீயில் நாங்கள் தலையோடு தலை முட்டி மல்லுக்கட்டியவர்கள். உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மூளிக் காதைக் குனிந்து பார்த்தான்.

"அடப்பாவி! இது நான் கடிச்ச காதாச்சே!"

"பொழுதுபோக்கு ஆட்டம்னு செயலாளர் சொல்றாரு" என்றேன்.

"பொழுதுபோக்கா? மூணு நாள் வாய்ல ரத்தவாடை போகலைய்யா எனக்கு! குடுடா அதை."

உறையைப் பிடுங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு, ஆட்டுக்கறி முழுவதையும் அப்படியே தின்றான். அவனுடைய வெல்வெட் தொப்பி கடுகுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. என் பேரை அடிக்க யாருக்கும் நேரமில்லை.

பிப்ரவரி 24

யுத்த காலத்தில் ஆடிய இன்னும் நான்கு பேர் உறை கேட்டு வந்துவிட்டார்கள். எனிட் பின்னிக்கொண்டே இருக்கிறாள். எங்கள் கூஜா அம்மணமாக நிற்கிறது.

மார்ச் 3

ட்ராஸ்க் வந்தான், பின்வாசல் வழியாக. எனிடிடம், "எனக்கும் ஒண்ணு பின்னித் தர முடியுமா..." என்று இழுத்தான்.

"யுத்த காலத்துல ஆடினவங்களுக்கு மட்டும்தான்" என்றேன் உள்ளேயிருந்து. "விதின்னு ஒண்ணு இருக்கில்ல?"

டீ கொடுத்து அனுப்பினோம். ஆறிப்போன டீ.