பஸ்ஸுக்குப் பின்னால் வந்த மஞ்சள் கார்

பொம்மிடி
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் அமுதாவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். மாதா தயவில் நானும் அம்மாவும் இங்கே சுகமாகத்தான் இருக்கிறோம், அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, எனக்கு முழங்கால் வலி வந்து போகிறது, மற்றபடி குறை ஒன்றும் இல்லை. நீ அந்த வெளிநாட்டுக் குளிரில் வேளாவேளைக்குச் சூடாகச் சாப்பிட்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம். போன் இருக்கும்போது ஏன் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் அம்மா வாங்கிக்கொள்கிறாள், அவள் முடிப்பதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. தவிர இது போனில் எனக்குச் சொல்ல வராது. பஸ் டிப்போவில் ஏதாவது நடந்தால் எழுத்தில்தான் கொடுப்போம், அந்தப் பழக்கம். கல்யாணப் பேச்சை எடுக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், எடுக்கவில்லை என்று எழுதச் சொன்னாள்.

விஷயம் உன் கார். நீ பேசி வைத்த கோயமுத்தூர்க்காரர் போன ஞாயிறு வந்தார். வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வண்டியை நாலு சுற்றுச் சுற்றி வந்தார், எனக்குப் பிடித்திருக்கிறது, இன்றைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்றார். நான் சாவியைக் கொடுக்கவில்லை. மூன்று வாரம் பொறுங்கள், மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். உங்க பொண்ணுதாங்க விக்கறேன்னு சொன்னாங்க என்றார். அது போன மாதம் சொன்னது என்றேன். அம்மா காபி கொடுத்து அனுப்பி வைத்தாள். உன்னைக் கேட்காமல் செய்தது தப்புதான், கோபித்துக்கொள்ளாதே. ஏன் அப்படிச் செய்தேன் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவை நீயே சொல்.

அங்கே இன்னும் இரண்டு வருடம் இருக்க வேண்டியிருக்கிறது, கார் சும்மாதானே நிக்குது, அப்பா ஏறாத வண்டிக்கு நம்ம வூட்டுல என்ன வேலை, வித்துடலாம்மா என்று அம்மாவிடம் சொன்னாயாம். அம்மா அதைச் சோறு போடும்போது என்னிடம் சொன்னாள். நான் ரசம் ஊற்றச் சொன்னேன். பிறகுதான், வாங்க வருகிறவர் பார்க்கும்போது வண்டி ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும் என்று நீ சொன்னதையும் சொன்னாள். வாரம் ஒரு தடவை பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வையுங்கள் என்று நீ சொல்லிவிட்டுப் போய்ப் பதினோரு மாதம் ஆயிற்று, நான் ஒரு தடவைகூடச் செய்யவில்லை. மாட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் போட்டு மூடியது மூடியபடியே கிடந்தது. தார்ப்பாயின் மேல் நம் கறுப்புக் கோழி அடைகாத்து ஒன்பது குஞ்சு பொரித்தது, அந்தப் பதினோரு மாதத்தில் வண்டி செய்த ஒரே வேலை அதுதான். டிப்போவில் என்னோடு இருந்த மெக்கானிக் மாதவராஜை அழைத்து வந்தேன். அவன் பேட்டரிக்கு ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டு மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தான். அந்தச் சத்தத்துக்கு அம்மா சமையல்கட்டிலிருந்து வெளியே ஓடி வந்து வானத்தைப் பார்த்தாள்.

விற்கிற வண்டிதானே, கொட்டகையிலிருந்து வாசலுக்குக் கொண்டுவந்து கழுவிவிடலாம் என்று ஏறினேன். ஏறினேன் என்று எழுதியது சரியில்லை, அந்த வண்டியில் இறங்கித்தான் உட்கார வேண்டியிருக்கிறது. உட்கார்ந்தால் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தது, சீட் உன் உயரத்துக்கு இருந்தது. மாதவராஜ் தடவிப் பார்த்துக் கதவில் ஒன்று, இரண்டு என்று பட்டன் இருப்பதைக் கண்டுபிடித்தான். ஒன்றில் உன் அளவு இருக்கிறது, இரண்டு காலியாக இருந்தது, அதில் என் அளவைப் போட்டுக் கொடுத்தான். இரண்டை அமுக்கினால் சீட் தானாகப் பின்னால் போய் எனக்கு இடம் விடுகிறது, ஒன்றை அமுக்கினால் திரும்ப உன் இடத்துக்குப் போய்விடுகிறது. முப்பத்தொரு வருடம் நான் ஓட்டிய எந்த பஸ்ஸுக்கும் நான் யார் என்று தெரியாது. வாசலில் நிறுத்த வந்தவன் அப்படியே தெருவுக்கு வந்துவிட்டேன், அம்மாவும் கொத்தமல்லிக் கட்டு வாங்க வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வண்டியைப் பற்றி என் அபிப்பிராயம் இது. பஸ்ஸில் உட்கார்ந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் மரவள்ளிக் காட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியும், இதில் உட்கார்ந்தால் பக்கத்து லாரியின் வீல் போல்ட்டை எண்ணலாம். நாய்கள் நின்று முகத்துக்கு நேராகப் பார்க்கின்றன. ஹாரன் மரியாதையாக இருக்கிறது, அதனால் யாரும் நகர்வதில்லை. கியர் தானாக மாறுகிறது, அது என் இடது கைக்குத் தெரியாமல் ஒவ்வொரு வளைவிலும் கியர் ராடைத் தேடிப் போய் அம்மாவின் முழங்காலைப் பிடித்தது, ஏங்க, கைய வெச்சுக்கிட்டுச் சும்மா ஓட்டுங்க என்று அதட்டினாள். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு தட்டியது, அதிலிருந்து எங்கே வேகத்தடை வந்தாலும் அம்மா இறங்கி இரண்டு பலகையைப் போடுவாள், நான் அதன்மேல் ஏற்றி இறக்குவேன், பலகையை எடுத்துக்கொண்டு அவள் நடந்து வந்து ஏறுவாள். இரண்டு வாரம் கழித்து உன் அண்ணன் லியோன் சேலத்திலிருந்து வந்தபோது, முன்பக்கத்தைத் தூக்குவதற்கு ஒரு பட்டன் இருக்கிறது என்று காட்டினான். அம்மா அவனிடம் அன்று முழுவதும் பேசவில்லை. பெட்ரோல் பங்கில் எல்லோரும் கேட்கிற கேள்வி மைலேஜ் எவ்வளவு என்பதுதான். நான் உண்மையைச் சொன்னேன், ஒருவர் என் தோளில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஸ்டாப்பில் இரண்டு அம்மாக்கள் கை காட்டினார்கள், கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. அந்த பிரேக்கைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், நினைத்த இடத்தில் நிற்கிறது, நினைப்பதற்கு முன்பே நிற்கிறது, கொத்தமல்லிக் கட்டு முன் கண்ணாடிக்குப் போய்விட்டது. அதில் ஒரு அம்மா குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, ரெண்டே சீட்டு, இதுல எடமே இல்லீங்களே என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டாப்பில் கை காட்டியவரை ஏற்றாமல் வந்தது என் ஆயுளில் அதுதான் முதல் தடவை, இதை அம்மா நம்ப மறுக்கிறாள். பாப்பிரெட்டிப்பட்டி தாண்டி நேர் ரோடு வந்தபோது ஒரு டிராக்டரை முந்தலாம் என்று ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். பஸ்ஸில் மிதித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்க வேண்டும், மிதித்தோம் என்கிற செய்தி இஞ்சினுக்குப் போய்ச் சேர நேரமாகும், அந்தக் கணக்கில்தான் மிதித்தேன். இது காத்திருக்கவில்லை. முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது, டிராக்டர் எங்கே என்று தேடினால் கண்ணாடியில் கடுகளவு தெரிந்தது. அம்மா அருள்நிறை மரியே என்று ஆரம்பித்தவள் ஆமென் சொல்வதற்குள் அடுத்த ஊர்ப் பலகை வந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன். எனக்குப் பயமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது, அறுபத்து மூன்று வயதில் இரண்டும் ஒன்றாக வரும் என்று நான் நினைக்கவில்லை. இன்னொரு வாட்டி மிதிங்க என்றாள் அம்மா.

அங்கே நின்றபோதுதான் எனக்கு மூன்று வருடத்துக்கு முந்தைய கிறிஸ்துமஸ் நினைவுக்கு வந்தது. பெங்களூரிலிருந்து புதிதாக இந்த வண்டியை நீயே ஓட்டிக்கொண்டு வந்தாய், சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார், நீ இடது பக்கக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, ஏறுங்கப்பா, தருமபுரி வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வரலாம் என்றாய். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு, பென்ஷன் விஷயமாகப் போக வேண்டும் என்று டவுன் பஸ்ஸில் ஏறிவிட்டேன். அன்றைக்கு ஆபீஸே கிடையாது, அது உனக்கும் தெரியும். கடைசி சீட்டில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன், பின்னால் மஞ்சளாக நீ வந்துகொண்டிருந்தாய். பஸ் நின்ற ஸ்டாப்பில் எல்லாம் நீயும் நின்றாய், ஆடு குறுக்கே வந்தபோது நின்றாய், புகையைக் குடித்துக்கொண்டு தருமபுரி பஸ் ஸ்டாண்ட் வரை வந்து, நான் இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாய். ஒரு தடவைகூட முந்தவில்லை, ஒரு தடவைகூட ஹாரன் அடிக்கவில்லை. அன்றைக்கு நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். இப்போது அந்த வண்டியை நானே ஓட்டிப் பார்த்துவிட்டேன். சுண்டுவிரல் பட்டாலே பாய்கிற வண்டி அது. அதை ஒரு டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் ஒன்றே கால் மணி நேரம், ஒரு குலுக்கல் இல்லாமல், பத்தடி இடைவெளி மாறாமல் அடக்கிக் கொண்டுவருவது என்னால் முடியாது. முயற்சி செய்து பார்த்தேன், புதன்கிழமை அதே பஸ்ஸுக்குப் பின்னால் போனேன், மூன்றாவது ஸ்டாப்பில் கண்டக்டர் இறங்கி வந்து, என்னங்கண்ணா, பஸ்ஸை இடிக்கப் பாக்கறீங்களா என்று கேட்டார்.

டிப்போவில் நாற்பது பேருக்கு மேல் நான் ஓட்டப் பழக்கியிருக்கிறேன், அத்தனை பேருக்கும் தேறினார் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அண்ணனைக் காய்ந்த ஏரிக்குள் மாதவராஜின் ஜீப்பில் வைத்துப் பழக்கினேன். நீ கரைமேல் நின்றுகொண்டு எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா என்று கேட்டாய், பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ஸ்டியரிங் என்றேன். நீ அப்புறம் கேட்கவே இல்லை, பெங்களூரில் யாரோ முன்பின் தெரியாதவரிடம் கற்றுக்கொண்டாய். அன்று நான் சொன்னது தப்பு. நான் ஏறாதது அதைவிடப் பெரிய தப்பு, ஏறி உட்கார்ந்தால் நீ நன்றாக ஓட்டுவது தெரிந்துவிடும், தெரிந்தால் ஒத்துக்கொள்ள வேண்டிவரும், அதனால்தான் ஏறவில்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுத்தில் கொடுக்கிறேன். நான் பழக்கிய நாற்பது பேரில் ஒருவரும் அன்றைக்கு நீ ஓட்டிய மாதிரி ஓட்டமாட்டார்கள்.

அதனால்தான் சாவியைக் கொடுக்க மனம் வரவில்லை. வண்டி உன்னுடையது, விற்பதா வைத்திருப்பதா என்பதும் உன் விருப்பம், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் அப்பா ஏறவில்லை என்பதற்காக விற்காதே. விற்பதென்றாலும் ஒரு தடவை வந்து, விட்டுப்போன அந்தத் தருமபுரி நடையை ஓட்டிவிட்டு விற்றுவிடு. இங்கே மழை பரவாயில்லை, ஏரியில் கால்வாசி தண்ணீர் நிற்கிறது, லியோன் மகளுக்கு மே மாதம் கோயிலில் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்கப் போகிறாள், அதற்கு லீவு கேட்டுப் பார். வெறுங்காலோடு தரையில் நடக்காதே, ராத்திரி வேலை முடிந்து தனியாக வண்டி ஓட்டும்போது தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிடு, இதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அம்மா உனக்குப் புளியும் கொள்ளுப் பொடியும் அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இருவருடைய ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, சகாய மாதா உன் பக்கத்திலேயே இருப்பாள்.

மறந்துவிடாதே, கோயமுத்தூர்க்காரருக்கு மூன்று வாரம்தான் கெடு, அதில் ஒரு வாரம் போய்விட்டது, கடிதம் கிடைத்ததும் போனில் பதில் சொல். வாரம் ஒரு தடவை வண்டியை எடுக்கிறேன், கொண்டுவந்து விட்டதும் இறங்குவதற்கு முன்னால் ஒன்றாம் நம்பர் பட்டனை அமுக்கிவிடுகிறேன், சீட் முன்னால் போய் என் காலை நெருக்குகிறது, கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. நீ வருகிற அன்றைக்கு அது உன் அளவில்தான் இருக்கும், நீ பாட்டுக்கு உட்கார்ந்துகொள்ளலாம். இடது பக்கக் கதவை மட்டும் திறந்துவிடு, நான் ஏறிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
அ. பெரியநாயகம், டிரைவர் (ஓய்வு)